இறங்குதுறையிலும் பூசையிலும் படித்த ஆங்கிலம்

கேம்பிரிட்ஜ் சோதனை இலங்கைக்கு வந்தது 1880இல். அதன் பின்னாலேயே இலண்டன் மற்றிக்குலேஷன் வந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கி, அதற்கென்று தனிப் புகுமுகத் தேர்வு வந்தபோதும் கதை அதேதான்: தாவரவியலோ வரலாறோ, விடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு அது அவ்வளவு புதிதல்ல. வட்டுக்கோட்டையில் 1823இலேயே அமெரிக்க மிஷனரிமார் செமினரி நிறுவிவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தானே. மன்னாருக்கு அப்படியொரு செமினரி வாய்க்கவில்லை. எங்களுக்கு வாய்த்தது ஓர் இறங்குதுறையும் இலத்தீன் பூசையும்.

1914இல் கொழும்பு ரயிலையும் தனுஷ்கோடிக் கப்பலையும் சென்னை ரயிலையும் தலைமன்னாரில் ஒன்றாகக் கோத்தார்கள். போட் மெயில் என்று பெயர். கேர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று முதலில் ஓடிய கப்பல்களுக்கெல்லாம் வெள்ளைக்காரத் துரைமாரின் பெயர். தோட்டங்களுக்குப் போகும் சனம், வியாபாரிகள், சாமிமார், மாணவர் எல்லாரும் அந்தத் துறையால்தான் போனார்கள், வந்தார்கள். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகங்களும் பயணிகளின் பெட்டிகளில் வந்திறங்கின. பெட்டி திறக்கும் சுங்கக்காரர் புத்தகம் என்றால் பெரிதாகக் கிளறமாட்டாராம். இது அப்பா சொன்னது.

அப்பா மன்னார்த் தீவின் பேசாலைக்காரர். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்தில் போர்டிங்கில் நின்று புகுமுகத் தேர்வு எழுதினார். அவருடைய சொற்கொப்பி என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று கட்டம்: சொல், பிடித்த இடம், சொந்த வசனம். பொருளுக்குக் கட்டமே இல்லை. வசனம் சரியாக வந்தால் பொருள் தெரியும் என்பது அவர் கட்சி. ‘குவாரண்டைன்’, ‘கொன்ட்ரபாண்ட்’ இரண்டுக்கும் எதிரே ‘துறைமுகப் பலகை’ என்று எழுதியிருக்கிறார். ‘இனெக்சரபிள்’ என்ற சொல்லுக்கு வசனம் சோழகக் காற்றைப் பற்றியது. ‘ரவனஸ்’ என்பதற்கு மன்னார்க் கழுதை: சுவரில் ஒட்டிய நோட்டீசைத் தின்கிறது. ‘ப்ரிகேரியஸ்’ என்பதற்குச் சம்மாட்டியிடம் வாங்கிய கடன். நான் இத்தனை காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன்; இன்று விற்கும் சொற்பட்டியல் புத்தகம் ஒன்றுகூட இந்தக் கொப்பிக்குக் கிட்ட வராது.

பல வரிகளில் பிடித்த இடம் ‘பூசை’. அப்போது பூசை இலத்தீனில். பீடத்துக்கு உதவும் பொடியன்கள் விளங்கியோ விளங்காமலோ பதில்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். ‘க்ரேதோ’ தெரிந்தவனுக்குக் கிரெடிபிள், கிரெடுலஸ், கிரெடென்ஷியல் எல்லாம் தெரிந்த முகங்கள். ‘பாக்ஸ்’ தெரிந்தவனுக்குப் பசிஃபை; ‘பெக்காத்தா’ தெரிந்தவனுக்கு இம்பெக்கபிள். சொல்லின் வேரைப் பிடித்துப் படி என்று இன்று ரியூசன் நோட்டீசில் அடிக்கிறோமே, அதை மீன்பிடிக் கிராமத்துப் பொடியன் விடியற்காலையில் மெழுகுதிரியோடு நின்று இலவசமாகப் படித்துவிட்டான்.

ஒரே பத்தாண்டில் எல்லாம் போய்விட்டன. 1960இல் கலைப்பீடத்துக்குச் சுயமொழியில் பிள்ளைகள் புகுந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியதுதான், 1984 வரை. ஆனால் பழைய போட் மெயில் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை தமிழுக்கு வந்தது. இவற்றில் சுயமொழியையும் தமிழ்ப் பூசையையும் நான் குறை சொல்லமாட்டேன். சுயமொழி வந்திராவிட்டால் எங்கள் கரையோரப் பிள்ளைகளில் எத்தனை பேர் கம்பஸ் வாசலைக் கண்டிருப்பார்கள்? ஆங்கிலம் வாய்த்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் கண்டிருப்பார்கள்.

குறை வேறு இடத்தில். இன்று உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. பெறுபேற்றுத் தாளில் வரும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேராது. சேராத பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும்? பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் மன்னாரும் உண்டு. வெட்டுப்புள்ளி கொஞ்சம் இறங்கும், பிள்ளை உள்ளே போகும். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் என்றால் முதல் நாளே விரிவுரை ஆங்கிலத்தில். ஆர்முடுகல், ஒளித்தொகுப்பு என்று தமிழில் தண்ணீர்பட்டபாடாகப் படித்தவன் பின்வாங்கில் ஊமையாக இருக்கிறான். வாசலில் இருந்த ஆங்கிலச் சோதனையை நாம் ஒழிக்கவில்லை, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

பொது ஆங்கிலத்தைப் புள்ளியில் சேர் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள்தான் அதில் முதலில் அடிபடுவார்கள். விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் ஆசிரியர்மாரிடம்தான் நான் கேட்கிறேன். பரீட்சைத் திணைக்களம் ஒரே வினாத்தாளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிடுகிறது. பழைய தமிழ்ப் பேப்பரை எடுக்கும்போது அதே ஆண்டின் ஆங்கிலப் பேப்பரையும் பக்கத்தில் வையுங்கள். கிழமைக்கு ஒரு வினாவையாவது இரண்டிலும் வாசிக்கச் சொல்லுங்கள். விடை பிள்ளைக்கு முன்பே தெரியும், சொல்லைப் பிடித்தால் போதும். மிச்சத்துக்குச் சனிக்கிழமைகளில் என் வகுப்புக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.