கிம் ஜாங் பில்

கிம் ஜாங் பில் (7 ஜனவரி 1926 – 23 ஜூன் 2018) தென்கொரியத் தரைப்படை அதிகாரி, அரசியல்வாதி. 1961இல் கொரிய மத்தியப் புலனாய்வு முகமையை நிறுவி அதன் முதல் இயக்குநரானார். பின்னர் இருமுறை பிரதமராக இருந்தார்.

தென் சுங்சியோங் மாநிலத்தின் புயோவில் பிறந்தவர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கல்வியைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவ அகாதமியில் சேர்ந்தார். 1949இல் எட்டாம் அணியில் தேறிவந்து, தரைப்படைத் தலைமையகத்தின் உளவுப் பிரிவில் பணியாற்றினார். 1951இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, படை அதிகாரி பார்க் சுங் ஹீயின் அண்ணன் மகளை மணந்தார்.

எட்டாம் அணி இளம் அதிகாரிகளுக்கு மேலிடத் தளபதிகள்மீது மனக்கசப்பு இருந்தது. 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியால் அதிபர் சிங்மன் ரீயின் ஆட்சி கவிழ்ந்ததும், ஊழல் தளபதிகள் விலக வேண்டுமென்று அவர்கள் குரல் எழுப்பினர். அதில் முன்னின்ற கிம், 1961 பிப்ரவரியில் லெப்டினன்ட் கர்னல் நிலையில் படையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மூன்றே மாதத்தில், மே 16 அன்று, பார்க் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர், அப்போது படையிலேயே இல்லாத கிம்.

ஜூன் 10 அன்று சட்டப்படி முகமை உருவானது. பெயர் அமெரிக்க சி.ஐ.ஏ.வை ஒட்டியிருந்தாலும் அமைப்பு முற்றிலும் வேறு. சி.ஐ.ஏ.வுக்கு உள்நாட்டில் கைதுசெய்யும் அதிகாரம் கிடையாது. கிம்மின் முகமையோ வெளிநாட்டு உளவு, உள்நாட்டுக் கண்காணிப்பு, குற்றப் புலனாய்வு மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தது. ராணுவ ஆட்சி மன்றத்துக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது. பின்னாளில் நேர்ந்த கொடுமைகளுக்கு இந்தச் சேர்க்கையே வேர். வேவு பார்ப்பவரே விசாரிப்பவராகவும் இருக்கையில் குடிமகனுக்குப் புகலிடம் இல்லை.

முகமையின் நிழலிலேயே பார்க்கின் ஜனநாயகக் குடியரசுக் கட்சியும் ரகசியமாக உருவாக்கப்பட்டது. 1962 நவம்பரில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஒஹிராவுடன் கிம் பேசி, இரு நாட்டு உறவைச் சீராக்க ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் அரசுக் கடனும் தரும் என்ற இணக்கத்துக்கு வழிவகுத்தார். ஜப்பானியக் காலனி ஆட்சியின் காயம் ஆறாத மக்கள் இதை அவமானமாகக் கண்டனர். 1964இல் மாணவர் போராட்டம் வெடித்தது. ஆனாலும் 1965இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதற்கிடையே கிம் 1963 தொடக்கத்திலேயே இயக்குநர் பதவியைத் துறந்திருந்தார்.

அவர் விலகிய பின்னும் முகமை வளர்ந்துகொண்டே போனது. 1973 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே ஜுங்கை டோக்கியோ விடுதியிலிருந்து கடத்தியது. அப்போது பிரதமராக இருந்த கிம் ஜாங் பில், ஜப்பான் சென்று வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 1979 அக்டோபர் 26இல் முகமையின் அன்றைய இயக்குநரே அதிபர் பார்க்கைச் சுட்டுக் கொன்றார்.

1980இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய சுன் டூ ஹ்வான், கிம்மைக் கைதுசெய்து அரசியலிலிருந்து விலக்கினார். 1987க்குப் பின் மீண்டு வந்த கிம், 1997 தேர்தலில் கிம் டே ஜுங்குடனேயே கூட்டணி அமைத்து, அவர் அதிபரானதும் 1998 முதல் 2000 வரை அவரது பிரதமராக இருந்தார். 1981இல் ஒருமுறை பெயர் மாறியிருந்த முகமை, தேசிய உளவுச் சேவை என்ற இன்றைய பெயரை 1999இல் அந்த ஆட்சியில்தான் பெற்றது.

2004 தேர்தலில் தோற்று ஓய்வுபெற்றார். மறைவுக்குப் பின் அரசு அவருக்கு உயரிய முகுங்ஹ்வா விருது வழங்கியபோது, ராணுவப் புரட்சி செய்தவருக்கு இது தகுமா என்று எதிர்ப்பு எழுந்தது. தேசியக் கல்லறை வேண்டாமென்று அவர் முன்பே சொல்லியிருந்ததால், புயோவில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.