பிடிச்சா மட்டும் போதுமா, விடவும் வேணாமா? (ஒரு பிரேக் காலிப்பர் புராணம்)

போன தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு காரில் புனே திரும்பிக்கொண்டிருந்தோம். சாத்தாரா பக்கம் ஒரு டோல்கேட்டில் வண்டி நின்றதும் தங்கமணி மூக்கைச் சுளித்தாங்க.

"என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே?"

"முன்னாடி நிக்கிற லாரியா இருக்கும்."

வழக்கமான அலட்சியம்தான். பத்து நிமிஷத்தில் வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி ஒரு கனம். ஒரு தாபாவில் ஓரம் கட்டினேன். வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டு போனால் லேசான சூடு. இடது பக்கம் கையைக் கிட்டவே கொண்டு போக முடியவில்லை, தோசைக்கல் மாதிரி அனல். தாபா பையன் ஓடிப்போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டு வந்தான். நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிப் போகும், விரிசல்கூட விடலாம் என்பதால் வேண்டாம் என்றேன். பின் சீட்டில் பசங்க ரெண்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிரேக்கை முடிந்தவரை தொடாமல், ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மிஸ்திரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார். "சாப், பிஸ்டன் ஜாம் ஹோ கயா." அதாவது, பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருந்திருக்கிறது. விடவே இல்லை.

பிரேக் பிடிக்காமல் போவதைப் பற்றித்தான் நாமெல்லாம் பயப்படுவோம். பிடித்த பிரேக் விடாமல் போகும் என்று நான் யோசித்ததே இல்லை. அவர் வேலையை முடிக்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன், அப்புறம் நாலு ராத்திரி உட்கார்ந்து இதன் சரித்திரத்தைப் படித்தேன். இனி நீங்களும் படித்தே ஆகணும், வேறு வழியில்லை :-)

கதை 1888-ல் ஆரம்பிக்கிறது. கார்ல் பென்ஸ் கட்டிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலேயே மனைவி பெர்த்தா பென்ஸ் எடுத்துக்கொண்டு, ரெண்டு பசங்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். (அம்மா வீடு என்றால் எந்த ஊர் தங்கமணியும் நிற்கமாட்டாங்க!) வழியில் இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு ஊரில் செருப்பு தைப்பவரைப் பிடித்து, கட்டை மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்று சொல்வார்கள். யோசனை இஞ்சினியருடையது அல்ல, வண்டி ஓட்டின அம்மாவுடையது.

பிறகு 1902. ஒரே வருஷத்தில் ரெண்டு பேர், ரெண்டு வழி. பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். சுழலும் டப்பாவுக்குள்ளிருந்து ஷூ வெளிப்பக்கமாக விரிந்து உரசும். இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு பேட்டன்ட் வாங்கினார். சுழலும் தட்டை ரெண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி கவ்வும் ஏற்பாடு. இன்றைய காலிப்பரின் கொள்ளுத்தாத்தா. ஆனால் அவர் உரசுவதற்குத் தாமிரத்தைப் போட்டார். இரும்பில் தாமிரம் உரசினால் என்ன சத்தம் வரும்? தெருவே காதைப் பொத்தும். டிஸ்க் பரணுக்குப் போனது, டிரம் ஜெயித்தது.

உரசும் பொருளுக்கு விடை தேடியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பக்கம் 1897-ல் தொழிலைத் தொடங்கினார். 'ஃபெரோடோ' என்பது அவருடைய பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து வைத்த பெயர். பிற்பாடு அவர் ஆஸ்பெஸ்டாஸுக்கு வந்தார். சூடு தாங்கும், சத்தம் குறைவு. அந்தத் தூள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலகம் ஒத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. ஐரோப்பிய யூனியன் முழுக்கத் தடை வந்தது 2005-ல்தான். அதுவரை டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியை ஊதின மெக்கானிக்குகள் எத்தனை ஆயிரம் பேரோ.

மிதிக்கும் பலத்தை எண்ணெய் வழியாக நாலு சக்கரத்துக்கும் சமமாகக் கொண்டு போகும் வழியை அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் கண்டுபிடித்தார். விமானக் கம்பெனி ஆரம்பித்த அதே சகோதரர்களில் ஒருவர். 1921-ல் டூசன்பர்க் கார் அந்த ஹைட்ராலிக் பிரேக்கோடு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தையே ஜெயித்தது.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சின்ன வயசில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு வாடகை அம்பாசிடரில் இறங்கினோம். 40 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, "பிரேக் காஞ்சு போச்சு சார், கொஞ்சம் ஆறட்டும்" என்றார். பீடி பிடிக்க ஒரு சாக்கு என்று அப்பா முணுமுணுத்தார், நானும் அப்படியே நம்பினேன். பாவம், அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம்தான். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது.

எவ்வளவு சூடு என்று ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோ கார், 100 கிலோமீட்டர் வேகம், ஒரே தடவை நிறுத்துகிறோம். வெளியே வரும் சக்தி சுமார் 386 கிலோஜூல். சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் கொதிநிலைக்குப் போகும். பிரேக் பிடிப்பதென்றால் வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? டப்பாவுக்குள் அடைபட்ட டிரம்மை விட, காற்றில் திறந்து சுழலும் தட்டு சீக்கிரம் ஆறும். சூட்டில் தட்டு தடித்தாலும் பேடு பக்கம்தான் வரும், விலகாது. லான்செஸ்டர் சொன்னது சரி, காலம்தான் தயாராக இல்லை.

காலத்தைத் தயார் செய்தது விமானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்களின் டிஸ்க் பிரேக் அனுபவம் கார்களுக்கு வந்தது. 1949-ல் அமெரிக்காவின் குட்டிக் கார் கம்பெனி கிராஸ்லி அந்த வகை டிஸ்க்கைத் துணிந்து போட்டது. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். உப்பு காலிப்பரை அரித்து, பிரேக் இறுகிக்கொண்டது. விரைவிலேயே டிரம்முக்கே திரும்பிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். என் வண்டிக்கு வந்த வியாதி 1949-லேயே இருந்திருக்கிறது!

டிஸ்க் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1953 லே மான் 24 மணி நேரப் பந்தயம். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவாரை ஓட்டி ஜெயித்தார்கள். சராசரி வேகம் அங்கே முதல்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. ரெண்டு வருஷம் கழித்து அதே லே மான், 1955 ஜூன் 11. டிஸ்க் போட்ட ஜாகுவார் பிட் பக்கம் திரும்ப சட்டென்று வேகம் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி ஒதுங்கியது. அதற்கும் பின்னால் அதிவேகமாக வந்த மெர்சிடிஸ் அதில் மோதிக் கூட்டத்துக்குள் பறந்தது. 80 பேருக்கு மேல் செத்தார்கள். மெர்சிடிஸில் இருந்தது டிரம். குறுகலான பாதை, பிட்டுக்குத் தனி வழி இல்லாதது என்று காரணம் பல உண்டு. ஆனால் ஒரே சாலையில் சட்டென்று நிற்கும் வண்டியும் நிற்க முடியாத வண்டியும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பதை மறக்க முடியாதபடி காட்டிய நாள் அது. அந்த வருஷமே சித்ரோவன் டி.எஸ். முன் டிஸ்க்கோடு பாரிஸில் அறிமுகமானது. 1956-ல் டிரையம்ஃப் டி.ஆர். 3 வந்தது. அப்புறம் ஓட்டம்தான்.

சரி, பிடிக்கிற பிரச்சினை தீர்ந்தது. விடுகிற பிரச்சினை? டிரம்முக்குள் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் பிஸ்டனை யார் பின்னுக்கு இழுப்பது? டன்லப் காலிப்பரில் இதற்கென்றே பிஸ்டனுக்குள் ஓர் ஊசியும் புஷ்ஷும் வைத்திருந்தார்கள். பிற்பாடு வந்த விடைதான் அழகு, ஒரே ஒரு ரப்பர் வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். மிதிக்கும்போது பிஸ்டன் நகர, வளையம் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கும். அவ்வளவுதான். எண்ணெய் ஒழுகாமல் காப்பதும் அதே வளையம்தான்.

என் வண்டியில் தோற்றது அந்த மயிரிழை. மழைக்காலம் முழுக்க வண்டி சும்மா நின்றிருந்தது. தூசி மறைப்பு ரப்பர் கிழிந்து தண்ணீர் இறங்கியிருந்தது. பிரேக் ஆயிலை ஐந்து வருஷமாக மாற்றவில்லை (ஹி ஹி). அந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடும். பிஸ்டனில் பழுப்பாக ஒரு துரு வளையம். ரப்பர் இழுத்தாலும் அது எப்படி நகரும்?

மிஸ்திரி வேலை செய்த விதம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். பிஸ்டன் தெறிக்காமல் இருக்க எதிரே மரக்கட்டை வைத்து, கையை எட்ட வைத்துக்கொண்டு வெளியே தள்ளினார். பழைய வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் கிளறாமல் மூங்கில் குச்சியால் எடுத்தார், சிலிண்டரில் கீறல் விழக்கூடாதாம். உதவி பண்ணுகிறேன் பேர்வழி என்று நான் மண்ணெண்ணெய் டின்னை நீட்டினேன். "அது பட்டா ரப்பர் ஊதிடும் சாப்" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். பிரேக் ஆயிலால்தான் கழுவினார். துருப்பிடித்த பிஸ்டனைத் தேய்க்காமல் புதுசு போட்டார். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். பேடு மட்டும் ரெண்டு பக்கமும் புதுசு.

ரப்பர் கிட் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பாடி, சென்னை! 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா ஆரம்பித்த இடம். அதே வருஷம் அதே பாடியில் சுந்தரம் கிளேட்டன் ஏர் பிரேக்குக்காகத் தொடங்கியது. லூகாஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நாளெல்லாம் அந்த மதில் சுவருக்குள் என்ன செய்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புனே சந்தில் கையில் வந்து விழுந்தது.

கடைசியில் ஏர் எடுக்கிற வேலை. டிரைவர் சீட்டில் பெரியவனை உட்கார வைத்தார். "தபாவ்... பகடோ... சோடோ!" மிதி, பிடி, விடு. இருபது தடவையாவது மிதித்திருப்பான். நிப்பிளில் குமிழி நின்று சுத்தமான ஆயில் வந்ததும் மிஸ்திரி சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். தடையில்லாமல் சுழன்றது.

இதோ பொங்கல் வருகிறது. நம்மில் பலபேர் குடும்பத்தோடு ஊருக்கு வண்டியைக் கிளப்புவோம். ரெண்டே ரெண்டு வேண்டுகோள். பிரேக் ஆயில் மாற்றி ரெண்டு வருஷம் ஆகிவிட்டதென்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் டீக்கு நிறுத்தும்போது நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாய் அடித்தால் மேலே போகாதீர்கள்.

மூணாவதாக ஒன்று. தங்கமணி ஏதோ கருகுது என்று சொன்னால், முன்னாடி போகிற லாரி மேல் பழியைப் போடாமல் இறங்கிப் பாருங்கள் :-)