பெயரற்ற கல்லும் கிப்ளிங்கின் மகனும்

முதல் உலகப் போரில் அயல்மண்ணில் மடிந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் உடல்களைத் தாயகத்துக்கு எடுத்துவரலாகாது என்ற தடை 1915இல் பிறந்தது. வசதி படைத்த சில குடும்பங்கள் மட்டும் தம் பிள்ளைகளின் உடலைத் தருவித்துக்கொண்டதே அதற்கு ஒரு காரணம். 1917இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுள்ள கல்லையே நடுவது என்று முடிவு செய்தது. அடையாளம் தெரியாதவர்களின் கல்லில், அவரை இறைவன் அறிவான் என்று பொருள்படும் தொடரைப் பொறிக்கத் தந்தவர் பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்; ஆணையத்தில் அவர் உறுப்பினராகச் சேர்ந்தபோது அவருடைய ஒரே மகனின் உடலும் கிடைக்காமலே இருந்தது.

ஜான் கிப்ளிங் 1897 ஆகஸ்ட் 17இல் பிறந்தார். கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்கிவிடும் அவரைப் படைத்தேர்வில் மருத்துவர்கள் ஏற்கவில்லை. படைக்கு ஆள் சேர்க்க மேடையேறிப் பேசிய தந்தையோ அதோடு விடாமல், தம் நண்பரான ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி, ஐரிஷ் கார்ட்ஸ் என்னும் காலாட்படைப் பிரிவில் மகனுக்கு இரண்டாம் லெப்டினன்ட் பதவியை, அதாவது அதிகாரிகளுள் அடிப்படி நிலையை, வாங்கிக் கொடுத்தார். தந்தைக்கு அந்தச் செல்வாக்கு இல்லாதிருந்தால், கண் பரிசோதனையே ஜானைக் காப்பாற்றியிருக்கும்.

1915 ஆகஸ்டில் பிரான்சு சென்ற அவர், பிரிட்டிஷ் படை முதன்முறையாக நச்சுப்புகையைப் பயன்படுத்திய லூஸ் போரின் மூன்றாம் நாளான செப்டம்பர் 27இல், சுண்ணக்கல் குழியொன்றை ஒட்டிய தோப்பின் மீதான தாக்குதலின்போது காயமுற்றுக் காணாமற்போனார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. பெற்றோர் அந்தப் படையிலிருந்து மீண்டவர்களைத் தேடித்தேடி விசாரித்தும் உறுதியான செய்தி எதுவும் கிடைக்கவில்லை. 1923இல் வெளியான ஐரிஷ் கார்ட்ஸ் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதிய தந்தை, அதில் மகனுக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. அந்தச் சிக்கனத்தில் தெரியும் துயரம் அவருடைய மேடைப் பேச்சு எதிலும் இல்லை.

1919இல் தோண்டியெடுக்கப்பட்ட ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவரின் உடல், பெயர் தெரியாதவராக, லூஸுக்கு அருகிலுள்ள செயின்ட் மேரி கல்லறையில் புதைக்கப்பட்டிருந்தது. போர்நிலப் படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்திட்டு இடம் குறிப்பது அக்கால முறை. உடல் கிடைத்த இடத்தைப் பதிந்தவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியதால், அது ஜான் விழுந்த களத்துக்குப் பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டப்பட்டது என்றும், அந்த உடல் ஜானுடையதே என்றும் ஆணையம் 1992இல் முடிவுக்கு வந்தது. ஜானின் தோளில் இரண்டாம் லெப்டினன்டுக்குரிய ஒற்றை நட்சத்திரமே இருந்திருக்கும், லெப்டினன்டுக்குரிய இரண்டு அல்ல என்று சிலர் மறுத்தனர். ஆயினும் ஆணையம் தன் முடிவை மாற்றவில்லை. 1936இல் காலமான தந்தை இவை எதையும் அறியார். மகனின் பெயர் பொறித்த புதிய கல் நடப்பட்டபோது, அவர் தந்த தொடரைத் தாங்கிய பழைய கல் அகற்றப்பட்டது.