‘அசைலம்’ எண்டொரு பேய்வீடு

அசைலம் எண்டால் எங்கட ஆக்களுக்கு வெளிநாட்டில கேட்கிற தஞ்சம்தான் ஞாபகம் வரும். அடைக்கலம் எண்ட அதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் வந்தது: மனநோயாளரை அடைத்துவைத்த பழைய காப்பகம். 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய பேய்வீடு ஒன்று இந்தச் சொல்லைத்தான் எடுத்தது: ‘பென்ஹர்ஸ்ட் அசைலம்’. காசு குடுத்து உள்ளே போய் அலறலாம்.

அந்த வளவில் 1908இல் அரசு திறந்தது அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான விடுதி. சிறுபிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள். நீண்டகாலம் அதன் பெயரில் பாடசாலை, வைத்தியசாலை எண்ட சொற்கள் இருந்தன. உள்ளே நடந்தது வேறு. 1968இல் பில் பால்டினி என்ற செய்தியாளரின் தொலைக்காட்சித் தொடர், கட்டிலில் கட்டிப்போடப்பட்டவர்களை உலகத்துக்குக் காட்டியது. 1977இல் அவர்களின் உரிமைகள் மீறப்பட்டதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1987இல் விடுதி மூடப்பட்டது.

பேய்வீட்டை மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் எதிர்த்தார்கள். நியாயம்தானே? அங்கே பயந்து வாழ்ந்தவர்கள் அந்த மனிதர்கள். புதுப் பெயரோ அவர்களைப் பார்த்து நாங்கள் பயப்படச் சொல்லுது.

பேய்வீட்டுக்கு இல்லாத ஊரொன்றின் பெயரை வைக்கலாம், ஒருத்தருக்கும் நோகாது. பென்ஹர்ஸ்ட் அப்படியில்லை. பேய்வீடு திறந்தபோது, அங்கே வளர்ந்தவர்கள் பலர் உயிரோடதான் இருந்தார்கள்.