உரோமரின் வெந்நீர்த் தடாகங்கள்

பழைய உரோமாபுரியின் பெருமையைப் பேசுவோர் அதன் நீராட்டு மண்டபங்களை மறப்பதில்லை. கி.பி. 216இல் திறக்கப்பெற்ற கரகல்லா மண்டபத்தின் இடிபாடுகள் இன்றும் காண்போரை வியப்பில் ஆழ்த்துகின்றன. நெடுந்தொலைவிலிருந்து கால்வாய் வழியே நீர் வந்தது; நிலத்தின்கீழ் மூட்டிய தீயினால் மண்டபம் சூடேறியது. செல்வரும் வறியவரும் ஒரே தடாகத்தில் நீராடினர்.

ஆயின், அந்நீர் தூயதாய் இருந்ததா? அதன் பிசுக்கையும் அழுக்கையும் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் அருவருப்புடன் குறித்துள்ளார். ஆறாத புண்ணுடன் நீராடுதல் தீது என மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் எச்சரித்தார். உடலுக்கு இதமான சூடு கிருமிகளுக்கும் இதமானது என்பதை அக்காலத்தார் அறியார்.

1774இல் ஷீலே என்பார் கண்ட குளோரீன் வாயு, இருபதாம் நூற்றாண்டில் நீரின் காவலனாயிற்று. வெந்நீரிலோ அக்காவலன் விரைந்து நீங்கிவிடுகிறான். ஆதலால், பத்து இலட்சம் பங்கு நீருக்கு 3 பங்கு குளோரீனேனும் இருக்கின்றதா என அடிக்கடி சோதித்தல் வேண்டும். நீரை உரிய காலத்தில் மாற்றி, தொட்டியையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

இதில் தவறினால் விளைவது யாது? 1999இல் ஒல்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் நகர மலர்க்கண்காட்சியில் ஒரு வெந்நீர்த்தொட்டி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் நுண்துளிகளோடு லெஜியோனெல்லா என்னும் பற்றீரியா காற்றிற் பரவியது. சுமார் 30 பேர் மாண்டனர். அந்நீரில் இறங்காது, அருகே நடந்து சென்றவர்களையும் நோய் பற்றியது.

நேயர்களே, தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. பலர் கூடும் நீர்நிலையைக் காப்பவர் பிறர் உயிரையும் காப்பவராவார்.