பழிவாங்குகிறவனும் பட்டணத்து வாசலும்

பண்டைய இஸ்ரவேலில் ஒருவன் கொலையுண்டால், அதைக் கேட்கும் பொறுப்பு அவனுடைய நெருங்கிய ஆண் உறவினன்மேல் விழுந்தது. துப்புத் துலக்கக் காவலர் இல்லை; அரசின் சார்பில் வழக்கு நடத்த அதிகாரியும் இல்லை. இறந்தவனின் தமையனோ தம்பியோ மகனோ கொன்றவனைத் தேடிப்போய்க் கொல்ல வேண்டும். அவனை எபிரேய மொழி 'கோயேல்' என்றது. வறுமையால் விற்ற நிலத்தை மீட்டுக் கொடுப்பவனும் கோயேல்தான். கடனுக்காக அடிமையாகப் போன உறவினனை விலைகொடுத்து விடுவிப்பவனும் கோயேல்தான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இந்த ஒரே சொல்லை இடத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுகிறது. ரூத்தின் கதையில் அவன் 'சுதந்தரவாளி', யோபின் நூலில் 'மீட்பர்', எண்ணாகமத்தில் 'பழிவாங்குகிறவன்'. மூன்றும் தமிழில் மூன்று திசைக்குப் போய்விட்டதால், எபிரேயர் மனத்தில் அவை ஒன்றாக இருந்தன என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் தெரிவதில்லை. குடும்பத்தின் கையைவிட்டுப் போனதைத் திரும்பக் கொண்டுவருவதே கோயேலின் வேலை. நிலம் போனால் நிலத்தை, ஆள் போனால் ஆளை, இரத்தம் சிந்தினால் இரத்தத்தை.

இந்த வழக்கம் எங்கே போய் முடியும் என்பதை ஆதியாகமத்தின் 4ஆம் அதிகாரம் காட்டுகிறது. காயீனின் வழிவந்த லாமேக்கு, தன்னைக் காயப்படுத்திய ஒருவனைக் கொன்றுவிட்டதாகத் தன் இரு மனைவியரிடம் பெருமையடிக்கிறான். காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்கு என்கிறான். ஒரு காயத்துக்கு ஓர் உயிர், ஓர் உயிருக்கு ஒரு குடும்பம், பிறகு ஒரு குலம் என்று பகை பெருகும் உலகம் அது. மோசேயின் பெயரால் வழங்கும் சட்டங்களை இந்த உலகத்தின் எதிரில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்ற விதி வேதாகமத்தில் பிறந்ததன்று. பாபிலோன் அரசன் ஹம்முராபி (கி.மு. 1792–1750) கல்லில் பொறித்த சட்டங்களில் அது இருக்கிறது. அந்தக் கல்தூண் 1901–02இல் ஈரானின் சூசா நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதற்கும் முந்திய சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. கி.மு. 2100 அளவில் சுமேரியாவின் ஊர்நம்மு சட்டம் பிறர் கண்ணைக் கெடுத்தவனிடம் அரை மினா வெள்ளியே கேட்டது. ஹம்முராபிக்குச் சற்று முற்பட்ட எஷ்னுன்னா சட்டம் கண்ணுக்கு ஒரு மினா, பல்லுக்கு அரை மினா, கன்னத்தில் அறைந்தால் பத்துச் சேக்கல் என்று விலைப்பட்டியலே வைத்திருந்தது. ஒரு மினா என்பது அறுபது சேக்கல், ஏறக்குறைய அரைக் கிலோ வெள்ளி. பணம் உள்ளவனுக்கு இது தண்டனையே அல்ல; அடித்துவிட்டு எண்ணிக் கொடுத்துவிடலாம். உடம்புக்கு உடம்பே ஈடு என்ற விதி வந்தபோது, செல்வன் தன் வெள்ளியைக் கொண்டு தப்பிக்கும் வழி அடைபட்டது. அந்த விதியைக் காட்டுமிராண்டிக் காலத்தின் எச்சம் என்று ஒதுக்குவோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

ஆனால் ஹம்முராபி அந்த வழியை மேன்மக்களுக்குள் மட்டுமே அடைத்தான். மேலோன் ஒருவன் மேலோனின் கண்ணைக் குத்தினால் அவன் கண் போகும். சாமானியனின் கண் என்றால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கட்டிய கொத்தனாரின் மகனைக் கொல்ல வேண்டும் என்றும் அந்தத் தூண் சொல்கிறது. கொத்தனாரின் மகன் செய்த பிழை எதுவும் இல்லை. மகனுக்கு மகன் என்ற கணக்கு நேராவதற்காக மட்டும் அவன் சாக வேண்டும்.

இஸ்ரவேலின் சட்டம் இதே விதியை மூன்று இடங்களில் கூறுகிறது. யாத்திராகமம் 21இல், இருவர் சண்டையிடும்போது இடையில் அகப்பட்ட கர்ப்பிணிக்கு நேரும் தீங்கைப் பற்றிப் பேசுகையில் வருகிறது. லேவியராகமம் 24இல், உள்நாட்டானுக்கும் வந்து குடியேறிய அந்நியனுக்கும் ஒரே நியாயம் என்ற அறிவிப்போடு சேர்ந்து வருகிறது. உபாகமம் 19இல் பொய்ச்சாட்சிக்காரனைக் குறித்து வருகிறது. பிறனுக்கு எந்தத் தண்டனை கிடைக்கச் சதிசெய்தானோ அதையே அவன் அடைய வேண்டும். மூன்று இடத்திலும் அதை நிறைவேற்றும் உரிமை அடிபட்டவன் கையில் கொடுக்கப்படவில்லை. உபாகமத்தில் நீதிபதிகள் தீர விசாரித்த பின்னரே அந்தச் சொற்கள் வருகின்றன. ஒரு கண்ணுக்கு மேல் கேட்க முடியாது என்ற உச்சவரம்பை அவை போட்டன. ஒரு கண்ணுக்குக் குறைவாக மதிக்கப்படவும் ஏழையை விடவில்லை.

கொத்தனாரின் மகனைப் போன்ற பிள்ளைகளையும் இந்தச் சட்டம் நினைவில் வைத்திருந்தது. முட்டும் பழக்கமுள்ள மாட்டைக் கட்டிவைக்காமல் விட்டு, அது மகனையோ மகளையோ முட்டிக் கொன்றாலும் பொறுப்பு மாட்டுக்காரரையே சேரும் என்று யாத்திராகமம் தனியாக எடுத்துச் சொல்கிறது. அவருடைய பிள்ளையைத் தொடச் சொல்லவில்லை. பிள்ளைக்காகத் தகப்பனோ, தகப்பனுக்காகப் பிள்ளையோ கொல்லப்படக் கூடாது என்று உபாகமம் 24 பொது விதியாகவே ஆக்கியது. யூதாவின் அரசன் அமத்சியா தன் தந்தையைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான் என்றும், இந்த விதியே அதற்குக் காரணம் என்றும் இரண்டாம் இராஜாக்கள் நூல் பதிவு செய்கிறது. ஒரு சட்டம் ஏட்டில் நின்றுவிடாமல் சில உயிர்களைக் காத்த அரிய சான்று அது.

அடிமைகள் விஷயத்தில் சட்டம் பாதி வழிதான் வந்தது. எஜமான் அடித்துக் கண்ணோ பல்லோ போனால் அடிமை விடுதலை பெற்றான். அது பெரிய காரியம். அதே அதிகாரத்தில், அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து பிறகு இறந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, அடிமை அவனுடைய பணமாயிற்றே என்ற வாசகமும் நிற்கிறது. இதை மழுப்பிச் சொல்ல இடமில்லை.

காயத்தைவிடக் கொலையில்தான் பழிவாங்குகிறவனைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருந்தது. வேண்டுமென்று செய்த கொலையா, கைதவறியதா என்று இரத்தம் கொதிப்பவன் பார்க்கமாட்டான். தவறிப்போய்க் கொன்றவன் ஓடிவந்து பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டால் காப்பு உண்டு, சதிசெய்து கொன்றவனைப் பீடத்திலிருந்தும் இழுத்து வரலாம் என்பது பழைய விதி. பிறகு பலிபீடத்தின் இடத்தை அடைக்கலப்பட்டணங்கள் பிடித்துக்கொண்டன. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா அரசன் ஊர்தோறும் இருந்த பலிபீடங்களை அகற்றி வழிபாட்டை எருசலேமில் குவித்ததால், ஓடி ஒளிய வேறு இடம் தேவைப்பட்டது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள்.

அடைக்கலப்பட்டணங்கள் ஆறு. யோர்தானுக்கு மேற்கே கலிலேயாவில் கேதேஸ், எப்பிராயீம் மலைநாட்டில் சீகேம், யூதாவில் எப்ரோன். கிழக்கே பேசேர், கீலேயாத்தின் ராமோத், பாசானின் கோலான். ஆற்றின் இருபுறமும் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று மூன்றாக இவை அமைந்திருப்பது தற்செயலன்று. எங்கிருந்து ஓடினாலும் எட்டிப்பிடிக்கும் தொலைவில் ஒரு வாசல் இருக்க வேண்டும். தூரம் அதிகமானால் மனக்கொதிப்போடு துரத்தி வருகிறவன் வழியிலேயே பிடித்துவிடுவான் என்று உபாகமம் வெளிப்படையாகவே சொல்லி, பாதைகளைச் செப்பனிட ஆணையிடுகிறது. விறகு வெட்டப் போன இருவரில் ஒருவன் ஓங்கிய கோடரி காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் விழுவதை அது எடுத்துக்காட்டாக வைக்கிறது. காட்டுக்குச் சேர்ந்து போனவர்கள் அவர்கள். முன்பகை ஏதும் இல்லை.

ஓடிவந்தவன் பட்டண வாசலில் நின்று, நடந்ததை மூப்பர்களிடம் சொல்ல வேண்டும். மூப்பர்கள் அவனை உள்ளே சேர்த்து இருக்க இடம் கொடுப்பார்கள். துரத்தி வந்தவன் கையில் ஒப்படைக்கமாட்டார்கள். அதனால் அவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. சபை கூடி, கொன்றவனுக்கும் பழிவாங்குகிறவனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும். கையில் இரும்பு இருந்ததா, கொல்லத்தக்க கல் இருந்ததா, முன்பகை உண்டா, பதுங்கியிருந்தானா என்பதெல்லாம் விசாரணைக்கு வரும். ஒரே சாட்சியின் சொல்லை நம்பி எவனையும் கொல்ல முடியாது. வேண்டுமென்று செய்த கொலை என்றால் அவனைக் கொண்டுபோய்ப் பழிவாங்குகிறவனிடம் கொடுப்பார்கள். உயிருக்கு ஈடாகப் பணம் வாங்கக் கூடாது. தவறிச் செய்தது என்றால் அவன் பட்டணத்துக்குத் திரும்பி, வழிபாட்டுத் தலைவனான பிரதான ஆசாரியன் இறக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அங்கிருந்து முன்கூட்டி ஊர் திரும்பவும் பணம் கொடுத்து வழிதேட முடியாது. எல்லையைத் தாண்டி வெளியே வந்து அகப்பட்டுக் கொல்லப்பட்டால், கொன்றவன்மேல் பழி இல்லை.

இந்தக் கடைசி விதியில் பழைய கோயேலின் நிழல் தெரிகிறது. சட்டம் அவனை ஒழிக்கவில்லை. அவன் துக்கத்தைப் பொய் என்றும் சொல்லவில்லை. அவன் கைக்கும் எதிராளியின் கழுத்துக்கும் இடையே ஒரு மதிற்சுவரையும் ஒரு விசாரணையையும் நிறுத்தியது. ஆசாரியன் இறந்ததும் சிந்திய இரத்தத்துக்கு ஒரு மரணம் ஈடாகிவிட்டது போலக் கணக்கு முடிந்தது. ஓடிவந்தவன் ஊர் திரும்பலாம், அவனைத் தொட எவருக்கும் உரிமை இல்லை.

வேதாகமக் கதைகள் சட்டம் தோற்ற இடங்களை மறைப்பதில்லை. சவுல் அரசனின் படைத்தலைவன் அப்னேர் தன்னைத் துரத்தி வந்த ஆசகேலைப் போரில் கொன்றான். வேண்டாம், விலகிப் போ என்று இருமுறை எச்சரித்த பிறகே கொன்றான். ஆசகேலின் அண்ணனும் தாவீது அரசனின் படைத்தலைவனுமான யோவாப் சமயம் பார்த்து, சமாதானம் பேச வந்த அப்னேரைத் தனியே அழைத்துக் குத்தினான். அது நடந்த இடம் எப்ரோனின் வாசல். பட்டியலின்படி அது அடைக்கலப்பட்டணம். தஞ்சம் கேட்டு நிற்க வேண்டிய அதே வாசலில் அப்னேர் விழுந்தான். தாவீது பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு நடந்தான், யோவாபைத் தண்டிக்க அவனுக்கு வலுவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சாலொமோன் காலத்தில் யோவாப் பலிபீடத்தின் கொம்புகளைப் பற்றிக்கொண்டபோது, பழைய விதிப்படியே பீடம் அவனைக் காக்கவில்லை.

அதே தாவீதிடம் தெக்கோவா ஊர்ப் பெண் ஒருத்தி வந்து ஒரு வழக்குச் சொன்னாள். அது யோவாப் சொல்லிக்கொடுத்த கதை. அவளுக்கு இரண்டு மகன்கள். வயலில் சண்டையிட்டு ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான். மிஞ்சியவனையும் கொல்லக் குலமே திரண்டு நிற்கிறது. மிச்சமிருக்கும் நெருப்பையும் அணைக்கப் பார்க்கிறார்கள் என்கிறாள். பழிவாங்கும் கடமை ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல இதைவிடக் கூர்மையான கதை வேண்டியதில்லை. அரசன் அவள் மகனுக்குக் காப்பு அளித்தான். பழிவாங்கும் உரிமையை அரசன் தடுக்கக் கூடும் என்ற எண்ணம் அங்கே வேர்விடுகிறது. ஆனால் அதே தாவீது, கிபியோனியரைச் சவுல் கொன்றதற்காக, சவுல் வழிவந்த ஏழு பேரை அவர்கள் கையில் ஒப்படைத்தான். மலைமேல் தொங்கவிட்ட அந்த உடல்களைப் பறவையும் விலங்கும் தொடாதபடி இரவும் பகலும் காத்தவள் அவர்களில் இருவரைப் பெற்ற ரிஸ்பாள். தகப்பனுக்காகப் பிள்ளை சாகக் கூடாது என்ற விதி எவருடைய முகத்தைப் பார்த்து எழுந்திருக்கும் என்று கேட்டால், அவளுடைய முகம்தான் நினைவுக்கு வருகிறது.

கண்ணுக்குக் கண் என்பது சொல்லுக்குச் சொல் அப்படியே நிறைவேற்றப்பட்டதா என்ற கேள்வி பின்னாளில் யூத அறிஞர்களைப் பிரித்தது. அலெக்சாந்திரியாவின் ஃபிலோ உள்ளபடியே எடுத்துக்கொண்டார். கி.பி. முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், அடிபட்டவர் சம்மதித்தால் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினார். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா முழுக்கவே இழப்பீட்டின் பக்கம் சாய்ந்தது. பிறரைக் காயப்படுத்தியவர் ஐந்து வகையில் கடன்பட்டவர்: உடற்சேதம், வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, மானக்கேடு. வேலையிழப்பைக் கணக்கிடும்போது அடிபட்டவரை வெள்ளரித் தோட்டக் காவலாளியாக வைத்துக் கூலி போட வேண்டும். கைக்கான ஈடு ஏற்கெனவே சேதக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்பது காரணம். இவ்வளவும் கொடுத்த பிறகும், அடிபட்டவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை குற்றம் தீராது என்றும் மிஷ்னா சேர்க்கிறது. மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூத்தின் ஆசிரியர்கள் பழைய விதியைத் துருவித் துருவிக் கேட்டார்கள்: குருடன் ஒருவன் மற்றவன் கண்ணைக் கெடுத்தால் எதை எடுப்பது? ஒருவர் கண் பெரிதும் மற்றவர் கண் சிறிதுமாக இருந்தால் சமம் எப்படி? சமநீதி என்ற சொல்லை நேர்மையாகப் பின்தொடர்ந்தே அவர்கள் கண்ணைப் பிடுங்கும் தண்டனையைக் கைவிட்டார்கள்.

மிஷ்னா தொகுக்கப்படுவதற்கு முன்பே, கி.பி. முதல் நூற்றாண்டில், கலிலேயாவில் இயேசு அந்த விதியை எடுத்துவைத்து, வலக்கன்னத்தில் அறைந்தவனுக்கு மறுகன்னத்தைக் காட்டச் சொன்னார். நீதிமன்றத்தின் அளவுகோல் தனிமனிதரின் பகைக்கு நியாயமாகத் திருப்பப்படுவதை அவர் மறுத்தார் என்று பலர் விளக்குகிறார்கள். அயலானிடம் பழிவாங்காதே, மனத்தில் பகையை வைக்காதே என்ற கட்டளை லேவியராகமம் 19இலேயே இருந்தது. ரோமருக்கு எழுதிய பவுலும் பழியைக் கடவுளிடம் விடச் சொன்னார்.

அடைக்கலப்பட்டணங்களைப் பற்றி மிஷ்னாவின் 'மக்கோத்' பகுதி பேசும்போது எருசலேம் ஆலயம் இடிந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. பிரதான ஆசாரியனும் இல்லை, ஓடிப் புகுவதற்குப் பட்டணமும் இல்லை. ஆனாலும் அந்த அறிஞர்கள் அதை விடவில்லை. ஓடுகிறவனோடு கற்றறிந்த இருவர் வழித்துணையாகப் போய், துரத்துகிறவனிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்றார்கள். பட்டணத்தார் அவனுக்கு மரியாதை செய்ய வந்தால், நான் கொலை செய்தவன் என்று அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார்கள். பிரதான ஆசாரியன் எப்போது சாவான் என்று தஞ்சம் புகுந்தவர்கள் வேண்டிக்கொள்ளாதிருக்க, ஆசாரியரின் தாய்மார் அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து வந்தார்களாம். அதே பகுதியில் மரண தண்டனையைப் பற்றிய வாதமும் இருக்கிறது. ஏழாண்டுக்கு ஒருவரைக் கொல்லும் நீதிமன்றம் நாசகார நீதிமன்றம் என்று பெயர்பெறும் என்றார்கள். எழுபதாண்டுக்கு ஒருவர் என்றாலும் அப்படித்தான் என்றார் எலெயாசார் பென் அசரியா. நாங்கள் நீதிமன்றத்தில் இருந்திருந்தால் எவருமே கொல்லப்பட்டிருக்கமாட்டார் என்றார்கள் தர்போனும் அகிவாவும். அப்படியானால் நாட்டில் கொலைகாரர்கள் பெருகியிருப்பார்கள் என்று மறுத்தார் சிமியோன் பென் கமாலியேல். மிஷ்னா இருதரப்பையும் எழுதிவைத்து, தீர்ப்புச் சொல்லாமல் அந்த அதிகாரத்தை அங்கேயே முடிக்கிறது.