மண்ணெண்ணெயில் ஓடின ஏ40

90களின் முதற்பாதியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கதை வந்தால், "அப்ப கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது" எண்டு யாராவது சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம். அந்தக் காலத்துக்குப் பிறகு பிறந்த நாங்களும் சேர்ந்து சிரிப்பம். கதை அதோட முடிஞ்சுபோகும். ஆனால் பெற்றோலுக்கெண்டு செய்த எஞ்சின் எப்படி மண்ணெண்ணெயில் ஓடினது? அதுக்கு என்ன விலை குடுக்க வேண்டியிருந்தது? இந்த இரண்டு கேள்வியையும் கேட்டால் பகிடிக்குள்ள இருக்கிற வரலாறு வெளியில வரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து என்று தடைப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றுபோனது. களவாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில், எட்டாத விலைக்கு விற்றது. இருந்த கொஞ்ச எரிபொருளிலும் இயக்கத்தின் வாகனங்களுக்கே முதலிடம். சாதாரண சனத்துக்கு மிஞ்சியது மட்டுமட்டாக வந்த மண்ணெண்ணெய்தான்.

அந்த நேரம் கைகொடுத்தவை புதிய ஜப்பான் கார்கள் இல்லை, தாத்தா காலத்து பிரிட்டிஷ் கார்கள். ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947இலும், சோமசெற் 1952இலும் இங்கிலாந்தில் வெளிவந்தவை. இதே ஏ40 வரிசையில் பிக்கப்பும் இருந்தது. 60களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரைக்கும் அந்த இறுக்கம் பெரிதாகத் தளரவில்லை. அதனால் இலங்கை முழுக்கப் பழைய கார்களைத் தூக்கி எறியாமல், கழற்றிப் பூட்டிப் பூட்டி ஓடப் பழகியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்கு இந்த எஞ்சின்களின் ஒவ்வொரு நட்டும் தெரியும்.

இனி எஞ்சினுக்குள்ள போவம். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அதை விட்டால் பிளக் நனையுமே தவிர தீப்பிடிக்காது. அதனால் முதலில் காபிரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் துளி துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானால் அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும். பிறகு ஓட்டம் அதில்தான். பற்றரி இல்லாட்டிலும் பயமில்லை. முன்பக்கத்தில் கம்பியைக் கொழுவிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் வசதி இந்தக் கார்களில் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது. அழுத்தம் கூடிய எஞ்சினுக்குள் அது நேரத்துக்கு முன்பே வெடித்து 'டொக் டொக்' என்று இடிக்கும். ஏ40இன் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான். பின்னால் வந்த கார்களில் அது கூட. பழைய எஞ்சினின் பலவீனமே தடைக்காலத்தில் அதன் பலமாகிப் போனது.

இது ஆரோ ஒருவருக்கு ஒரே இரவில் வந்த யோசனையும் இல்லை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றுகிற பேர்குசன் உழவு இயந்திரங்களை 40களின் கடைசியிலேயே இங்கிலாந்தில் செய்தார்கள். எங்கட கரையோரங்களில் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களும் மண்ணெண்ணெயில் ஓடுறவைதான். கடலிலும் வயலிலும் பாவிச்ச ஒரு முறையைத்தான் கராஜ்காரர் றோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எந்த எஞ்சின் தாங்கும், எது தாங்காது என்று கணிக்கிறதுக்கு நல்ல அறிவு வேணும். 'எங்கட ஆக்கள் விண்ணர்' என்று ஒரு வரியில் புகழ்ந்துவிட்டுப் போனால் அந்த அறிவு பதிவாகாது.

புகழ்ச்சி இன்னொன்றையும் மறைக்குது. முழுசாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஓயிலோடு கலக்கும். ஓயில் தண்ணியாகும், பெயாரிங் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும். பின்னால் வருகிறவர் புகையைக் குடிப்பார். தேய்ந்த பாகத்துக்குப் புதுசு வாங்கவும் வழியில்லை. இதை எல்லாம் விட முக்கியமானது, அதே மண்ணெண்ணெய்தான் வீட்டு விளக்குக்கும். ஜாம் போத்தல் விளக்கின் திரியை இறக்கி வைத்துப் பிள்ளைகள் படித்த காலம் அது. தோட்டத்துக்கு இறைக்கிற பம்முக்கும் அதுதான். ஒரு நோயாளியை ஏ40இல் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால், அந்த ஓட்டத்துக்கான எண்ணெய் யாரோ ஒருவரின் விளக்கிலோ தோட்டத்திலோ குறைந்தது.

2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது, "இது எங்களுக்குப் பழசு" என்று பெரியாக்கள் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மீனவர்களின் படகுகள் கரையில் கிடந்தன. தட்டுப்பாட்டைச் சமாளித்த கதைகள் அப்போது நிறையவே பகிரப்பட்டன. ஆனால் 90களில் நடந்தது வெறும் தட்டுப்பாடு இல்லை. ஒரு பகுதி மக்களுக்கு என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று ஒரு அரசு பட்டியல் போட்டுத் தீர்மானித்தது. சமாளித்ததை மட்டும் சொல்லி அந்தத் தீர்மானத்தை மறக்கிறது சரியில்லை என்று நாங்கள் நினைக்கிறம்.

எங்கட பாடப்புத்தகங்களில் கராஜ்களுக்கு இடமில்லை. அந்த நாளில் எஞ்சின் பூட்டின கைகளுக்கு இப்ப வயசு போயிட்டுது. லீவுக்கு ஊருக்குப் போனால், ஒரு பழைய மெக்கானிக்கிட்டப் போய் இருங்கோ. எந்தெந்தக் கார் ஓடினது, எது ஓடாமல் போனது, பெற்றோல் எத்தனை துளி விட்டவை, எந்தப் பாகம் முதலில் பழுதானது, அதுக்குப் பதிலாக எதைப் பூட்டினவை, காசுக்குப் பதிலாக என்ன வாங்கினவை என்று கேளுங்கோ. சம்மதிச்சால் போனில் குரலைப் பதியுங்கோ. ஊர், ஆண்டு, எஞ்சின் மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கோ.